லால்பாக்கில் பிள்ளைகளோடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளி விடுமுறை நெருங்கும் இந்த நேரத்தில், பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது குறித்துப் பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அத்தோட்டத்துக்கு அருகில் பதினான்கு ஆண்டுகள் குடியிருந்து, என் இரண்டு பிள்ளைகளையும் அதன் பாதைகளிலேயே நடை பழக்கியவள் என்ற முறையில், ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 9 வயதில் மகளும் 4 வயதில் மகனும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு லால்பாக் முழுவதையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று அழைத்துச் சென்றோம். மதியத்துக்குள் இருவரும் அழத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை எந்த வரிசையில் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம்? (வாசகி, ஓசூர்)

பதில்: சகோதரி, எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். லால்பாக்கின் பரப்பு 240 ஏக்கர். அதாவது ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர். பெரியவர்கள் விறுவிறுவென்று சுற்றி வந்துவிடலாம். ஆனால் 4 வயதுப் பிள்ளை பத்தடி நடந்தால் ஒரு குச்சியைப் பொறுக்கும், அடுத்த பத்தடியில் எறும்பு வரிசையைக் கண்டு குந்தி உட்காரும், பிறகு வந்த வழியே திரும்பி ஓடி அந்தக் குச்சியைப் போட்ட இடத்தில் தேடும். சென்ற ஆண்டு உங்கள் மகன் அழுததற்குக் களைப்பு ஒரு காரணம் என்றால், அவன் நின்று பார்த்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். நானும் என் மூத்த மகளை அப்படித்தான் இழுத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டாவது பிள்ளையிடம்தான் நிற்கக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே ஒரு வருகைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். ஆண்டில் மூன்று நான்கு முறை வந்து போக முடியும். முதல் முறை தோட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் பாறைக் குன்றுக்கு மட்டும் போங்கள். காலை 6 மணிக்கே தோட்டம் திறந்துவிடுகிறது. வெயில் ஏறினால் பாறை கால் வைக்க முடியாதபடி சுட்டுவிடும் என்பதால், ஒன்பது மணிக்குள் மேலே ஏறி இறங்கிவிடுவது நல்லது. மழை பெய்த மறுநாள் சரிவு வழுக்கும். பிடிப்புள்ள செருப்பைப் போட்டு விடுங்கள்.

அந்தப் பாறையைப் பற்றி உங்கள் மகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. புவியியலாளர்கள் இதனைத் தீபகற்ப நைஸ் வகைப் பாறை என்கிறார்கள். வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிற மொட்டைப் பாறையாகத்தான் தெரியும். குப்புறப் படுத்துக் கண்ணைப் பாறைக்கு அருகில் கொண்டுபோகச் சொல்லுங்கள். வெளிர் பட்டையும் கரும் பட்டையும் மாறி மாறி, பிசைந்த மாவை இழுத்து மடித்ததைப் போல நெளிந்து ஓடுவது தெரியும். வெளிர் பட்டையில் இருப்பவை குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும். கரும் பட்டையில் காக்காப்பொன் துகள்கள் காலை வெயிலில் மினுக்கும். பூமிக்கு அடியில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கல்லே அவ்வாறு இளகி நெளிந்த தடம் அது. மழைக்காலமாக இருந்தால் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதில் நெளியும் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டு உங்கள் மகன் அரை மணி நேரம் உட்கார்ந்தால் உட்காரட்டும்.

குன்றின் உச்சியில் நிற்கும் சிறு கோபுரம், பெங்களூரை 1537-இல் நிறுவிய கெம்பே கௌடரின் பெயரால் வழங்குகிறது. நகரின் எல்லையைக் குறிக்க எழுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் நான்கு கோபுரங்களில் இது ஒன்று. அதன் அருகில் நின்று நான்கு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லை என்று கருதப்பட்ட இடத்துக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை கட்டடங்களாகவே இருக்கும். நகரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை எந்தப் பாடப் புத்தகத்தையும்விட அந்தக் காட்சி தெளிவாகக் காட்டிவிடும்.

தோட்டத்துக்குள் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்து வைத்த கல்மரம் அது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம் கல்லாகிப் போனது. பாறைக்குப் போகும் நாளிலேயே அதையும் தேடிப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டையும் வைத்து உங்கள் மகளோடு ஒரு கணக்குப் போட முடியும். ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய வயது 9 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தின் அகலம். 200 வயது மரம் 20 சென்டிமீட்டர், ஒரு சாண். 400 ஆண்டுகளைக் கடந்த கோபுரம் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். கல்மரத்துக்கு 20 கிலோமீட்டர் வேண்டும். நீங்கள் ஓசூரிலிருந்து வந்த வழியில் பாதி. பாறைக்கு 3,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் தொடங்கினால் காஷ்மீருக்குப் போய்விடலாம். என் மகள் இந்தக் கணக்கை முதன்முறை போட்டபோது சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாறையில் வைத்திருந்த கையை எடுத்துத் திரும்பவும் மெதுவாக வைத்தாள்.

கேள்வி: எனக்கு 68 வயது, மூட்டு வலி உண்டு. பெங்களூரில் இருக்கும் 6 வயதுப் பேரனை மாலை நேரங்களில் லால்பாக்குக்கு அழைத்துப் போகிறேன். ஒவ்வொரு மரத்தையும் காட்டி "இது என்ன தாத்தா?" என்று கேட்கிறான். எனக்கு வேம்பும் புளியும் தெரியும், மற்றவை தெரியவில்லை. எந்த மரங்களைக் காட்டலாம்? (வாசகர், சேலம்)

பதில்: ஐயா, பேரன் கேட்கும் எல்லாப் பெயரையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டியதில்லை, பல மரங்களில் பெயர்ப் பலகை இருக்கிறது, அவனையே எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லலாம். உங்கள் மூட்டுக்குப் பாறைக் குன்று வேண்டாம். தோட்டத்தில் மின்கல வண்டி ஓடுகிறது, தூரமான இடத்துக்கு அதில் போய் இறங்கிக்கொள்ளுங்கள். மூன்றே மூன்று மரங்களை அவனுக்கு நன்றாகப் பழக்கிவிட்டால் போதும். மற்றவற்றை அவனே தேடிக்கொள்வான்.

முதலாவது, அங்கே பலரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெரிய இலவ மரம். வயது 200 ஆண்டுகளுக்கு மேல் என்கிறார்கள். அதன் அடிமரத்திலிருந்து சுவர் சுவராக வேர்கள் புடைத்து இறங்கியிருக்கும். இரண்டு வேர்ச் சுவர்களுக்கு நடுவில் நின்றால் உங்கள் பேரன் மறைந்தே போவான். வேலிக்குள் இருந்தால் வெளியே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்; அந்த மரத்தின் வேர்மேல் ஆயிரக்கணக்கான கால்கள் ஏறி இறங்குவது அதற்கு நல்லதல்ல. இலவு காத்த கிளியின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சு பறந்ததாம் என்று சொல்லி நிறுத்திவிட்டு, வீட்டுத் தலையணைக்குள் இருக்கும் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று அவனைக் கேளுங்கள்.

இரண்டாவது நாகலிங்க மரம். சிவன் கோயில்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூ கிளையின் நுனியில் பூக்காமல், அடிமரத்திலிருந்தே தொங்கும் கயிறு போன்ற காம்புகளில் பூக்கும். கீழே விழுந்த பூ ஒன்றை அவன் உள்ளங்கையில் வையுங்கள். படமெடுத்த நாகத்தைப் போல மேலே வளைந்திருக்கும் பகுதியும், அதன் நிழலில் லிங்கம் போன்ற நடுப்பகுதியும், மணமும் ஒரே நேரத்தில் அவனுக்குக் கிடைக்கும். காய்கள் பீரங்கிக் குண்டு அளவுக்குப் பெரியவை, கனமானவை; காய்த்திருக்கும் மரத்தின் நேர் கீழே அவனை நிற்க விடாதீர்கள். நம் கோயில்களோடு இவ்வளவு ஒன்றிவிட்ட இம்மரத்தின் பூர்விகம் தென் அமெரிக்கா என்பதை அவன் சற்று வளர்ந்ததும் சொல்லலாம்.

மூன்றாவது தூங்குமூஞ்சி மரம். நீங்கள் மாலையில் போவதால் உங்களுக்கென்றே அமைந்த மரம் இது. ஐந்து மணிக்கு அதன் அடியில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, மேலே விரிந்திருக்கும் இலைகளைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொழுது சாயச் சாயச் சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கூம்பிக்கொள்ளும். இலை மூடியிருந்த இடங்களில் வானம் தெரியத் தொடங்கும். மழை மேகம் கவிந்த நாளில் நேரத்துக்கு முன்பாகவே கூம்பிவிடும். மரமும் தூங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, இரவில் அடம் பிடிக்காமல் படுத்துக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இதோடு ஒரு சிறு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் கூட்டு வைக்கும் சௌசௌவைச் சிலர் பெங்களூர் கத்தரிக்காய் என்பார்கள் அல்லவா? மெக்சிகோ பக்கத்துக் கொடியான அதனை இப்பகுதியில் அறிமுகப்படுத்தியவர், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லால்பாக்கின் பொறுப்பில் இருந்த ஜான் கேமரன் என்று சொல்வார்கள். ஹைதர் அலி 1760-இல் தொடங்கியது முதல், திப்பு சுல்தான் காலத்திலும் அதற்குப் பிறகும், வெளிநாட்டுச் செடிகளை வரவழைத்து இந்த மண்ணில் வளர்கிறதா என்று பார்ப்பதே லால்பாக்கின் வேலையாக இருந்தது. மறுநாள் சாப்பாட்டில் சௌசௌ கூட்டு வந்தால் பேரனுக்கு நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: மலர்க் கண்காட்சிக்கு 5 வயது இரட்டைப் பிள்ளைகளை அழைத்து வரலாமா? கூட்டத்தில் தொலைந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, சென்னை)

பதில்: குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இரு முறை அந்தக் கண்காட்சி நடக்கிறது. விடுமுறை நாளில் கண்ணாடி மாளிகையைச் சுற்றிக் கூட்டம் அலைமோதும். 5 வயதுப் பிள்ளையின் உயரத்துக்குப் பெரியவர்களின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. வேலை நாளில், திறந்தவுடன் நுழைய முடியுமானால் வாருங்கள். முடியாதென்றால் கண்காட்சி இல்லாத நாளில் வருவதே பிள்ளைகளுக்கு நல்லது. 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையை, லண்டனின் கிரிஸ்டல் பேலஸை மனத்தில் வைத்து எழுப்பினார்கள். கூட்டமில்லாத காலையில் அதன் வெளியே நின்றால், இரும்புக் கம்பிகளின் வளைவுகளும் கண்ணாடியில் விழும் மர நிழல்களும் முழுமையாகத் தெரியும்.

உங்கள் பயம் நியாயமானது. ஒரு ஜனவரியில் என் மகன் அவ்வாறு என் கையை விட்டுப் போனான். தம்பி மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவன் இல்லை. கவனம் பிசகியது நான்தான். பத்து நிமிடங்கள் தேடினேன். இன்றும் அந்தப் பத்து நிமிடங்களை நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. வண்ண உடையணிந்த தோட்டத் தொழிலாளி அம்மா ஒருவர் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பார்க்கக்கூடிய பாதைச் சந்திப்பில் நின்றிருந்தார். அவன் ஓடியலையாமல் ஓரிடத்தில் நின்றதால்தான் கிடைத்தான்.

அன்றிலிருந்து நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். நுழைந்தவுடன் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சந்திப்பு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே நேரில் போய் நின்று காட்டிவிடுகிறோம்; பூக்கடிகாரம் பிள்ளைகளுக்கு எளிதில் நினைவில் நிற்கும். அம்மா கண்ணில் படாவிட்டால் தேடிப் போகக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை அணிந்தவரிடமோ குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணிடமோ மட்டும் சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலேயே இரண்டு மூன்று முறை நடித்துப் பார்க்கிறோம். தொலைபேசி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுகிறோம். பிள்ளையின் பெயரைச் சட்டையின் வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். முன்பின் அறியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிவிடும். பெங்களூரில் பலருக்குத் தமிழ் புரியும் என்பதால் மொழியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்கு அன்று காலையில் கிளம்பும்போதே ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எந்த நிறச் சட்டை என்பதே மறந்துபோகும்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. தோட்டம் என்றாலே சலிப்பு என்கிறான். கைப்பேசியை வாங்கி வைத்தால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறான். என்ன செய்வது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம், வேலை கொடுத்துவிடுங்கள். தோட்டத்தின் வரைபடத்தை அவன் கையில் கொடுத்து, எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியேறுவது என்று அவனே முடிவு செய்யட்டும். வழி தவறினால் தவறட்டும், குறுக்கே பேசாதீர்கள். 11 வயதுப் பிள்ளைக்கு நகரத்தில் வேறெங்கும் கிடைக்காத சுதந்திரம் அது. மெட்ரோவின் பச்சைத் தடத்தில் லால்பாக் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. மேற்கு வாசலுக்கு அங்கிருந்து நடந்து வந்துவிடலாம். பயணத்தையும் அவனே திட்டமிடட்டும். திரும்பும்போது பசித்தால், அருகிலேயே லால்பாக் சாலையில் 1924 முதல் நடக்கும் மாவள்ளி டிஃபன் ரூம்ஸில் ரவா இட்லி சாப்பிடலாம். பெரிய பிள்ளைகளை அழைத்துப் போவதில் இட்லிக்கும் பங்கு உண்டு என்பதை நான் மனமார நம்புகிறேன்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை ஒரு நாள் சுற்றுலாவாக அழைத்து வருகிறோம். பாடத்தோடு தொடர்புபடுத்த ஏரியைக் காட்டலாம் என்று நினைக்கிறேன். எந்த மாதம் நல்லது, எப்படிப் பிரிப்பது? (ஆசிரியை, கிருஷ்ணகிரி)

பதில்: நல்ல யோசனை. தோட்டத்தின் தெற்குப் பக்கத்தில் இருக்கும் ஏரி, 40 பிள்ளைகள் பரவி நின்று பார்க்கும் அளவுக்குப் பெரியது. நீர்க்காகத்தையும் கொக்கையும் அவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். நீர்க்காகம் மூழ்கி எழுந்த பிறகு ஒரு கிளையில் ஏறி, இரண்டு இறக்கைகளையும் துணி உலர்த்துவதைப் போல விரித்துக்கொண்டு நிற்கும். அதன் இறகு நனையக்கூடியது. நனைவதால்தான் உடல் கனத்து எளிதாக மூழ்க முடிகிறது. அதனாலேயே வெளியே வந்ததும் காய வைக்க வேண்டியிருக்கிறது. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதை ஏற்கெனவே பார்த்த பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டைக் கேள்வியாகப் போட்டுவிட்டு, விடையைச் சொல்லாமல் காத்திருங்கள். கரையோரப் புல்லில் நீலத் தாழைக்கோழி தென்பட்டால் அதன் கால் விரல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவு நீளமான விரல்கள் இருப்பதால்தான் மிதக்கும் இலைகளின் மேல் மூழ்காமல் நடக்கிறது.

எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்று ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் கரையில் வெவ்வேறு இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார வையுங்கள். நடந்துகொண்டே பார்த்தால் பறவைகள் விலகிப்போகும். உட்கார்ந்தால் அவையே அருகில் வரும். கரையில் தடுப்பு இல்லாத இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். உயரமான மரங்களில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கக்கூடும்; கல்லெறிவதோ, அடியில் புகை எழுப்புவதோ கூடவே கூடாது என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். தின்பண்டங்களைப் பிளாஸ்டிக் பைகளில் கொண்டுவராமல், துணிப்பையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை என்பேன். கண்காட்சி நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பருவத்தில் இளஞ்சிவப்பு டபேபுயாவும், அதன் பின்னே மஞ்சள் டபேபுயாவும், ஊதா நிற ஜகரண்டாவும் பூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் குல்மொஹர் சிவக்கும். ஒன்று முடியும்போது மற்றொன்று பூக்கும்படி மரங்களைத் தேர்ந்து நடும் முறையை இந்நகருக்கு அளித்தவர், 1908-இல் இங்கு வந்து லால்பாக்கின் பொறுப்பேற்ற ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பிகல். உங்கள் பேருந்து நகருக்குள் நுழைந்ததும் சன்னலோரப் பிள்ளைகளிடம் சாலை மரங்களில் எந்தெந்த நிறம் பூத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மே மாதம் பெங்களூர் வரும் உறவினர் யாராவது இருந்தால், அதே சாலையில் அப்போது எந்த நிறம் என்று கேட்டு வாங்கி, விடுமுறை முடிந்ததும் இரண்டு பட்டியலையும் வகுப்பறைச் சுவரில் அருகருகே ஒட்டிவிடுங்கள்.